கடைக் கதவும் கல்லீரலும்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஈரல் இறுக்க நோயினால், அதாவது வைத்தியர்கள் சிரோசிஸ் என்று குறிப்பிடும் வியாதியினால், ஆண்டுதோறும் மாண்டவர்களின் தொகையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஒரு கோடாக வரைந்து பார்த்தால், 1914-க்கும் 1918-க்கும் இடையில் அந்தக் கோடு செங்குத்தாகச் சரிந்து விழுவதைக் காணலாம். நான்கே ஆண்டுகளில் அந்நோயின் மரணத் தொகை பாதிக்கும் கீழே போயிற்று. அந்த ஆண்டுகளில் ஈரலுக்குப் புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. புதிய அறுவைச் சிகிச்சை எதுவும் நடைமுறைக்கு வரவில்லை. ஆயிரக்கணக்கான வைத்தியர்கள் கடல் கடந்து சென்று, யுத்த களத்தில் காயம்பட்ட சிப்பாய்களுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வைத்திய சாஸ்திரம் கைகொடுக்க இயலாதிருந்த அந்த வேளையில் அத்தனை உயிர்களைக் காத்தது எது என்று விசாரித்தால், மதுக்கடையின் கதவை எந்த மணிக்குத் திறக்கலாம், எந்த மணிக்கு மூட வேண்டும் என்று வரையறுத்த சில சர்க்கார் உத்தரவுகளும், அவற்றோடு சேர்ந்து வந்த வரியும் உற்பத்திக் கட்டுப்பாடுமே என்ற விடை கிடைக்கிறது.

மதுவைப் பற்றிய விவாதம் நம் நாட்டில் பெரும்பாலும் பூரண மதுவிலக்கு வேண்டும் என்போருக்கும் வேண்டாம் என்போருக்கும் இடையிலேயே நடந்து வந்திருக்கிறது. அவ்விரண்டுக்கும் நடுவே, விற்பனையை அனுமதித்துக்கொண்டே, யார் விற்கலாம், எங்கே விற்கலாம், எத்தனை கடைகள் இருக்கலாம், எந்நேரம் வரை, என்ன விலைக்கு என்றெல்லாம் வரம்பு கட்டும் லைசென்ஸ் முறை ஒன்று இருக்கிறது. அம்முறை ஜனங்களின் தேக ஆரோக்கியத்தைக் கண்கூடாக உயர்த்தவும் வல்லது, கெடுக்கவும் வல்லது. இதை ஆராய்வதற்கு, அம்முறையை நூற்றாண்டுக் கணக்கில் கையாண்டு, அதன் பலாபலன்களை மரணப் பதிவேடுகளில் ஒழுங்காக எழுதி வைத்திருக்கும் பிரிட்டனைவிடத் தகுந்த இடம் எனக்குத் தெரிந்தவரை இல்லை.

அந்நாட்டில் மதுக்கடை வைப்பதற்கு இரண்டு நீதிபதிகளின் அனுமதி வேண்டும் என்று விதித்த சட்டம் 1552-ல், ஆறாம் எட்வர்டு மன்னனின் காலத்தில் பிறந்தது. கலகத்தையும் ஒழுங்கீனத்தையும் தடுப்பதே அதன் நோக்கம். நோயைப் பற்றிய நினைவு அதில் இல்லை. சுகாதாரம் இந்த விஷயத்திற்குள் நுழைந்தது பதினெட்டாம் நூற்றாண்டில்தான். பிரான்ஸோடு பகைமை மூண்டபோது பிரெஞ்சு பிராந்தியின் இறக்குமதியைத் தடுத்துவிட்டு, உள்நாட்டுத் தானியத்திலிருந்து சாராயம் வடிக்கும் தொழிலை 1690-ல் எவரும் செய்யலாம் என்று திறந்துவிட்டார்கள். நிலப்பிரபுக்களின் தானியம் நல்ல விலைக்குப் போயிற்று. கஜானாவுக்கு வரி வந்தது. லண்டனின் ஏழைத் தெருக்களிலோ, சில்லறைக் கடை, தள்ளுவண்டி, நிலவறை என்று எங்கு பார்த்தாலும் ஜின் விற்பனையாயிற்று. பீர் விற்பவனுக்கு அனுமதி தேவைப்பட்ட அதே ஊரில், அதைவிடப் பன்மடங்கு கடுமையான சரக்கை விற்பவனுக்கு அது தேவைப்படவில்லை. 1726-ல் லண்டன் வைத்தியர் கழகத்தார் பார்லிமெண்டுக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பி, மலிவான சாராயத்தினால் விளையும் வியாதிகளை எடுத்துரைத்ததோடு, குடிக்கும் தாய்மாரின் வயிற்றில் பிறக்கும் குழந்தைகள் வலிவற்றும் நோயுற்றும் பிறப்பதையும் சுட்டிக்காட்டினார்கள். கருவிலிருக்கும் சிசுவை மது ஊனப்படுத்துகிறது என்பதை நவீன மருத்துவம் ஒரு தனி நோயாக வகுத்துப் பெயரிட்டது 1973-ல். இடைப்பட்ட ஏறக்குறைய 250 ஆண்டுகள், அந்த வைத்தியர்கள் கண்ணாரக் கண்டு எழுதியது கவனிப்பாரின்றிக் கிடந்தது என்பதை எண்ணும்போது மனம் வேதனைப்படுகிறது.

பார்லிமெண்டு 1729-லிருந்து சட்டத்தின்மேல் சட்டமாக இயற்றிப் பார்த்தது. அவற்றுள் 1736-ஆம் ஆண்டுச் சட்டம் மிகக் கடுமையானது: ஜின் சில்லறை விற்பனைக்கு ஆண்டுக்கு 50 பவுன் லைசென்ஸ் கட்டணம் என்றும், சரக்கின்மேல் கடும் வரி என்றும் விதித்தது. அக்காலத்துச் சிறு வியாபாரி கனவிலும் காணாத தொகை அது. விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே லைசென்ஸ் வாங்கினார்கள். மற்றவர்கள் வாங்காமலேயே விற்றார்கள். துப்புக் கொடுத்தவர்களை ஜனக்கூட்டம் தெருவில் அடித்து விரட்டியது. 1743-ல் குடித்த அளவு 80 லட்சம் காலனைத் தாண்டியது. பிறகுதான் ஆட்சியாளர் யோசனையோடு நடந்துகொண்டார்கள். கட்டணத்தை ஒரு பவுனாகக் குறைத்து, ஏற்கெனவே அனுமதி பெற்ற பீர்க்கடைக்காரருக்கு மட்டுமே அந்த லைசென்ஸைத் தந்து, 1751-ல் அதை இரண்டு பவுனாக உயர்த்தி, வடிப்போர் சில்லறையில் விற்கக் கூடாதென்றும், கடனுக்கு விற்ற சிறு தொகைகளைக் கோர்ட்டில் வசூலிக்க முடியாதென்றும் விதித்தார்கள். கட்டக்கூடிய கட்டணம், காப்பாற்றிக்கொள்ள விரும்பும் லைசென்ஸ், அதை இழந்துவிடுவோமோ என்ற அச்சம் ஆகிய மூன்றும் சேர்ந்தபோது சட்டத்துக்கு உயிர் வந்தது. அடுத்த பத்தாண்டுகளில் ஜின் அளவு ஏறக்குறைய 20 லட்சம் காலனுக்கு இறங்கியது. இடையில் விளைச்சல் பொய்த்து, தானியத்தில் சாராயம் வடிப்பது சில காலம் தடைபட்டதும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறைப்பதற்கில்லை.

இந்தப் பாடத்தை 1830-ல் மறந்தார்கள். வரி செலுத்தும் எந்தக் குடும்பத் தலைவனும் இரண்டு கினி கட்டணம் கட்டினால், நீதிபதியைக் கேளாமலே பீர் விற்கலாம் என்று அவ்வாண்டில் ஒரு சட்டம் வந்தது. ஆறு மாதங்களுக்குள் ஏறக்குறைய 24,000 புதிய கடைகள் முளைத்தன. அவற்றை மீண்டும் நீதிபதிகளின் அதிகாரத்துக்குள் கொண்டுவருவதற்கு 1869 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

முதல் உலக யுத்தம் தொடங்கியபோது லண்டன் மதுக்கடைகள் காலை 5 மணிக்குத் திறந்து, நள்ளிரவு கடந்து 12.30-க்கு மூடும், ஒரு நாளில் பத்தொன்பதரை மணி நேரம். வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் தொழிலாளி, ஆலைக்குள் நுழையுமுன் ஒரு கடையையும் வெளியே வந்ததும் மற்றொரு கடையையும் கடந்தே ஆக வேண்டும். 1915-ல் சர்க்கார், மதுவியாபாரத்துக்கென ஒரு மத்தியக் கட்டுப்பாட்டு வாரியத்தை நிறுவி, டி'அபர்னன் பிரபுவை அதன் தலைவராக அமர்த்தியது. வாரியத்தின் அதிகாரத்துக்குள் வந்த ஜில்லாக்களில் கடை திறக்கும் நேரம் நாளொன்றுக்கு ஐந்தரை மணியாகச் சுருங்கியது: பகலுணவு வேளையில் இரண்டரை மணி, மாலையில் மூன்று மணி அல்லது அதற்குக் கிட்டிய அளவு. ஒருவர் மற்றவருக்கு மது வாங்கிக் கொடுத்து உபசரிப்பது தடுக்கப்பட்டது. சாராயத்தில் நீர் கலந்து அதன் கடுமையைக் குறைக்க ஏற்பாடாயிற்று. கார்லைல் நகரத்திலும், மாபெரும் வெடிமருந்து ஆலை இருந்த கிரெட்னாவிலும் மதுக்கடைகளையும் பீர் ஆலைகளையும் 1916-ல் சர்க்காரே விலைக்கு வாங்கி, விற்பனை கூடினால் கூடுதல் லாபம் என்ற தூண்டுதல் சற்றும் இல்லாத சம்பள மானேஜர்களைக் கொண்டு நடத்தியது. அந்த ஏற்பாடு 1973 வரை நீடித்தது.

வாரியம் செய்த இன்னொரு காரியம் என் மதிப்பில் எல்லாவற்றிலும் உயர்ந்தது. மனித தேகத்தில் மது என்ன செய்கிறது என்பதை ஆராய்ந்து சொல்லுமாறு விஞ்ஞானிகளின் ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்து, அவர்களுடைய முடிவுகளை 1918-ல் நூலாக வெளியிட்டது. சட்டம் வகுப்பவர் உடலியல் கற்றவரை அழைத்துக் கேட்ட அருமையான சந்தர்ப்பம் அது. பிற்பகலில் கடையை மூடிவைத்த இடைவெளிக்குள் இருக்கும் நியாயத்தைப் பாருங்கள். ஈரல் ஒரு மணி நேரத்தில் எரித்துத் தீர்க்கக்கூடிய மதுசாரம் ஏறக்குறைய 7 முதல் 10 கிராம்; அரைப் பைன்ட் சாதாரண பீரில் உள்ள அளவுதான் அது. எவ்வளவு அவசரப்பட்டாலும் ஈரலின் வேகம் கூடாது. ஆகையால் பகல் இரண்டரை மணியிலிருந்து மாலை ஆறரை மணி வரை கதவு மூடியிருந்தால், பகலில் குடித்ததில் பெரும் பகுதி தீர்ந்த பிறகே அடுத்த கிண்ணம் கைக்கு வருகிறது.

விளைவு என்ன? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குடிபோதைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டோர் 1913-ல் 1,88,000-க்கு மேல். 1918-ல் 29,000 அளவு. இளைஞர்கள் யுத்தத்துக்குப் போய்விட்டதால் வந்த குறைவு இது என்று ஆட்சேபிப்பது இயல்பே. ஆனால் ஊரிலேயே இருந்து, ஆலைகளில் முன்னைவிட நல்ல கூலி பெற்றுக்கொண்டிருந்த பெண்களிடையேயும் இந்தத் தண்டனைகள் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தன. இன்னும் மனத்தை உருக்கும் ஓர் எண் உண்டு. படுக்கையில் பெரியவர்களின் உடலுக்கு அடியில் அகப்பட்டு மூச்சுமுட்டி இறந்த பச்சிளங்குழந்தைகள் என்று அக்கால மரணப் பதிவேட்டில் ஒரு தனித் தலைப்பு இருந்தது. யுத்த ஆண்டுகளில் அந்த மரணங்களும் பாதிக்குக் கீழே இறங்கின. பீர் உற்பத்தி குறைக்கப்பட்டதும், அதன் கடுமை தணிக்கப்பட்டதும், வரி ஏறியதும் இவற்றில் பங்குகொண்டன. நேரக் கட்டுப்பாடு எவ்வளவு, விலை எவ்வளவு என்று பிரித்து நிறுப்பது எளிதன்று. யுத்தம் முடிந்து சிப்பாய்கள் திரும்பிய பின்னும், 1921-ஆம் ஆண்டுச் சட்டம் பிற்பகல் மூடுதலை நிலைநிறுத்தி வைத்திருந்த காலத்தில், ஈரல் நோய் மரணங்கள் 1913-ஆம் ஆண்டு நிலைக்கு ஏறவில்லை.

நேரத்தைக் குறைத்தால் போதும் என்றும் நினைத்துவிடக் கூடாது. அதே யுத்தத்தின் போது ஆஸ்திரேலியாவின் பல மாகாணங்களிலும் நியூஸிலாந்திலும் மாலை 6 மணிக்குக் கடைகளை மூடும் சட்டம் வந்தது. 5 மணிக்கு வேலை விட்டு வரும் தொழிலாளர்கள், மிஞ்சிய ஒரு மணி நேரத்துக்குள் குடிக்க முடிந்ததையெல்லாம் நின்றபடியே குடித்துத் தீர்க்கும் வழக்கம் அதனால் வேரூன்றி, நியூஸிலாந்தில் 1967 வரை தொடர்ந்தது. ஈரலின் வேகத்தை மறந்து எழுதிய சட்டம் அது.

இனி, இந்தப் புள்ளிவிவரங்களுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு புதிருக்கு வருவோம். ஈரல் இறுக்கம் ஓரிரு ஆண்டுகளில் வருவதன்று. மதுசாரம் ஈரலுக்குள் முதலில் அசிட்டால்டிஹைடு என்னும் நச்சுப் பொருளாகவும் பிறகு அசிட்டேட் ஆகவும் மாறுகிறது. நாள்தோறும் இந்த வேலையைச் செய்யும் ஈரலில் முதலில் கொழுப்புப் படிகிறது. பிறகு அழற்சி உண்டாகிறது. அழிந்த உயிரணுக்களின் இடத்தில் வடுத் திசு நார் நாராகப் படர்ந்து, பத்து இருபது ஆண்டுகளில், மிருதுவாக இருந்த உறுப்பு முடிச்சு முடிச்சாக இறுகிவிடுகிறது. இரத்தம் அதனுள் ஊடுருவ வழியின்றித் தேங்க, வயிற்றில் நீர் கோத்து மகோதரம் காண்கிறது. உணவுக்குழாயின் இரத்த நாளங்கள் புடைத்து வெடித்து இரத்த வாந்தியாகிறது. காமாலை வந்து அறிவு மயங்குகிறது. இவ்வளவு நிதானமாக உருவாகும் நோயின் மரணங்கள், சட்டம் மாறிய ஓரிரு ஆண்டுகளுக்குள் எப்படிக் குறைய முடியும்?

மழைக்காலத்தில் நிரம்பிய ஏரியை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். ஏரி நிரம்பப் பல மாதங்கள் ஆகின்றன. ஆனால் கலிங்கின் வழியே வழிந்தோடுவது கடைசியாக ஏறிய ஓர் அங்குல நீர்தான். அந்த ஓர் அங்குலம் இறங்கிய அன்றே வழிவது நின்றுவிடுகிறது. எந்தச் சமூகத்திலும், ஈரல் பெரிதும் கெட்டுப்போய், மரணத்தின் விளிம்பில் உலவிக்கொண்டிருப்போர் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களை எஞ்சிய ஈரலோடு வாழ விடுவதும், விளிம்புக்கு அப்பால் தள்ளுவதும் இந்த மாதமும் அடுத்த மாதமும் குடிக்கப்போகும் மதுதான். அதை நிறுத்தினால், அல்லது கணிசமாகக் குறைத்தால், வடு மறையாவிட்டாலும் அழற்சி தணிகிறது. பலர் ஆண்டுக் கணக்கில் உயிர்வாழ்கிறார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கீழிருந்த பாரிஸ் நகரம் இதற்கு மறுக்கவொண்ணாத சாட்சி. திராட்சை மது அங்கே பங்கீட்டு முறையில் வழங்கப்பட்டபோது ஈரல் இறுக்க மரணங்கள் சில ஆண்டுகளுக்குள் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் குறைந்தன. பங்கீடு ஒழிந்து மது தாராளமாகக் கிடைத்தபின் அவை மீண்டும் மேலேறின.

இந்தப் பிரெஞ்சு அனுபவத்தை ஆராய்ந்த ஸுல்லி லெடர்மன் என்னும் ஜனத்தொகை சாஸ்திரி 1956-ல் ஒரு துணிவான சித்தாந்தத்தை முன்வைத்தார். ஒரு தேசத்தில் அளவோடு குடிப்போர் என்றும் அளவின்றிக் குடிப்போர் என்றும் இரண்டு தனி இனங்கள் இல்லை. குறைவாகக் குடிப்போர் முதல் மிகுதியாகக் குடிப்போர் வரை எல்லோரும் ஒரே வளைகோட்டில் அமைந்திருக்கிறார்கள். அந்த தேசத்தின் சராசரி உயர்ந்தால் கோடு முழுவதும் நகர்ந்து, மிகுதியாகக் குடிப்போரின் தொகை பன்மடங்காகிறது. அவர் தந்த சூத்திரத்தின் நுணுக்கங்களைப் பின்வந்தவர்கள் மறுத்துத் திருத்தினார்கள். ஆனால் சராசரியும் மிகுதியும் சேர்ந்தே நகர்கின்றன என்ற அடிப்படை நிலைத்துவிட்டது. 1990-ல் ஜெஃப்ரி ரோஸ் என்ற பிரிட்டிஷ் வைத்தியரும் அவர் சகாவும், மது மட்டுமல்லாமல் இரத்த அழுத்தம், உடற்பருமன் ஆகியவற்றிலும் இதே உறவைக் காட்டினார்கள்.

“ஒருவன் குடித்துக் கெட்டதற்காக, ஒழுங்காகக் குடிக்கும் ஒன்பது பேருக்கு ஏன் இடைஞ்சல்?” என்று கேட்போருக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. அந்த ஒருவன் அந்த ஒன்பது பேரின் நடுவிலிருந்து எழுந்தவன். அவர்கள் குடிக்கும் கடை, அவர்கள் கொடுக்கும் விலை, அவர்கள் வீடு திரும்பும் நேரம் ஆகியவையே அவனுடைய உலகம். இங்கிலாந்தில் மதுவிற்பனை வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, வைத்தியர்கள் விதித்த வரம்பை மீறிக் குடிப்போரிடமிருந்து வருகிறது என்ற கணக்கு 2018-ல் வெளியாயிற்று. வரம்புக்குள் எல்லோரும் நின்றுவிட்டால் இந்த வியாபாரம் இன்றுள்ள உருவில் நிற்காது. ஆகவே வியாபாரிகளின் நல்லெண்ணத்தை நம்பி ஜன சுகாதாரத்தை ஒப்படைத்துவிட முடியாது.

இரண்டாம் யுத்தத்துக்குப் பின் பிரிட்டனின் கட்டுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. 1960-களிலிருந்து பலசரக்கு அங்காடிகளின் அலமாரிகளில் மது ஏறியது. 1988-ல் பிற்பகல் மூடுதல் இங்கிலாந்தில் நீங்கியது. வருமானத்தோடு ஒப்பிட்டால் சரக்கின் விலையும் இறங்கிக்கொண்டே வந்தது. 1950-களில் மேற்கு ஐரோப்பாவிலேயே மிகக் குறைந்த ஈரல் நோய் மரணங்களைக் கொண்டிருந்த நாடுகளுள் ஒன்று அது. 1987–91 ஆண்டுகளுக்கும் 1997–2001 ஆண்டுகளுக்கும் இடையில் இம்மரண விகிதம் ஆண்களிடையே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 69 சதவிகிதமும், ஸ்காட்லாந்தில் இருமடங்குக்கு மேலும் ஏறியது. மேற்கு ஐரோப்பாவின் பல நாடுகளில் இதே காலத்தில் அது இறங்கிக்கொண்டிருந்தது.

அத்தகைய வேளையில் இயற்றப்பட்ட 2003-ஆம் ஆண்டு லைசென்ஸ் சட்டம், 2005 நவம்பரில் அமலுக்கு வந்தபோது, கடை மூடும் நேரத்துக்குப் பொது வரம்பு எதையும் வைக்கவில்லை. குற்றத் தடுப்பு, பொதுமக்களின் பத்திரம், தொல்லைத் தடுப்பு, குழந்தைகளின் பாதுகாப்பு என்று லைசென்ஸ் அதிகாரி கருதவேண்டிய நோக்கங்கள் நான்கை அது வகுத்தது. இந்தச் சட்டம் வந்ததும் தேசமே இரவெல்லாம் குடிக்கும் என்று அஞ்சியவர்களின் அச்சம் முழுதும் பலிக்கவில்லை என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும். வன்செயல்களின் மொத்தத் தொகை பெரிதாக மாறாமல், அவற்றில் ஒரு பகுதி விடியற்கால வேளைக்கு நகர்ந்தது. ஆனாலும் நேரத்துக்குப் பலன் இல்லை என்று இதிலிருந்து முடிவுகட்டுவது தவறு. நார்வேயின் 18 நகரங்களில் கடை மூடும் நேரத்தை ஒரு மணி நீட்டிய போதெல்லாம் அடிதடிகள் ஏறக்குறைய 16 சதவிகிதம் கூடின. குறைத்த போது அதே அளவு குறைந்தன. பிரிட்டனில் நோயின் ஊற்றே வேறு இடத்துக்குப் போய்விட்டது. ஸ்காட்லாந்தில் விற்கும் மதுவில் நான்கில் ஏறக்குறைய மூன்று பங்கு அங்காடிகளில் வாங்கி வீட்டில் வைத்துக் குடிப்பதாயிற்று. மதுச்சாலையின் கதவை மட்டும் காவல் காத்த சட்டத்தின் கண்ணுக்கு அங்காடியின் மலிவு விலை தெரியவில்லை.

ஸ்காட்லாந்து தன் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த நான்கு நோக்கங்களோடு ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தது: பொதுமக்களின் ஆரோக்கியத்தைக் காத்து மேம்படுத்துவது. அதன் பின் லைசென்ஸின் நிபந்தனையாகவே குறைந்தபட்ச விலை ஒன்றை விதிக்க 2012-ல் சட்டம் செய்தது. விஸ்கி வியாபாரிகளின் சங்கம் தொடுத்த வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், பிரிட்டனின் உச்ச நீதிமன்றத்தில் 2017-ல் தள்ளுபடியாயிற்று. 2018 மே 1 முதல், 8 கிராம் மதுசாரம் கொண்ட ஓர் அலகை 50 பென்ஸுக்குக் குறைத்து எந்தக் கடையும் விற்க முடியாது என்றாயிற்று. 2023-ல் வெளியான ஆராய்ச்சி, முற்றிலும் மதுவினாலேயே நேரும் மரணங்கள் இந்த விதி இல்லாதிருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவைவிட 13.4 சதவிகிதம் குறைந்தன என்று கணித்தது. ஆண்டுக்கு ஏறக்குறைய 156 உயிர்கள். இந்தப் பயன் மிகுதியும் ஏழை வட்டாரங்களில், நாட்பட்ட ஈரல் நோயில் காணப்பட்டது. மதுவுக்கு முற்றிலும் அடிமையாகிவிட்டவர்களுக்கு விலை மட்டும் துணை செய்யவில்லை. அவர்களில் சிலர் உணவுக்கான பணத்தையும் அதில் செலவிட நேர்ந்தது. அவர்களுக்குத் தேவை சிகிச்சையும் மனிதப் பரிவும். இதைச் செய்யாமல் விலையை மட்டும் ஏற்றும் சர்க்கார் பாதிக் கடமையையே செய்கிறது.

2024 செப்டம்பரில் ஸ்காட்லாந்து அந்த விலையை 65 பென்ஸாக உயர்த்தியது. இங்கிலாந்திலோ, மதுக்கடைகள் அடர்ந்த பகுதிகளில் புதிய லைசென்ஸ் மறுக்கும் அதிகாரத்தை ஊராட்சிகள் உறுதியோடு உபயோகித்த இடங்களில் மதுவினால் ஆஸ்பத்திரியில் சேர்வோர் தொகை மற்ற இடங்களைவிட வேகமாகக் குறைந்திருப்பதை ஆராய்ச்சியாளர் காட்டிய பின்னும், சட்டத்தின் நோக்கங்கள் இன்றும் நான்காகவே நிற்கின்றன. சுகாதார அதிகாரி ஒருவர் லைசென்ஸ் விசாரணையில் எழுந்து, இந்தத் தெருவில் ஈரல் நோயால் இறப்போர் பெருகியிருக்கிறார்கள் என்று ஆதாரத்தோடு சொன்னால், அதை மட்டும் காரணமாகக் கொண்டு லைசென்ஸை மறுக்க அந்தச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. டி'அபர்னன் வாரியம் 1915-ல் அறிந்திருந்ததை ஏட்டில் எழுதாமல் விட்ட இந்தச் சட்டம் குறையுடையது. பார்லிமெண்டு அதைத் திருத்த வேண்டும்.